உர மூட்டையும் மீன் எண்ணெய் டப்பாவும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் வேலையை முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தஞ்சாவூர்ப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டப்பாவின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு கணக்கு டீச்சர் எடுக்கும் பாடமாக நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. எங்கள் ஊரில் பதினோரு குடும்பங்களுக்கு நான் அதைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் மாசி மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அந்த வருடம் அவனுக்குச் சம்பா கைக்கு வரவில்லை. அறுவடை நேரத்தில் பெய்த மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தில் நிற்க, ஆள் சேர்த்து விற்கும் ஒரு வியாபாரத்தில் சேர்ந்திருந்தான். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். மீன் எண்ணெய் மாத்திரை. அறுபது மாத்திரை, 900 ரூபாய்.

“டீச்சர், ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லது டீச்சர். ஆயிரம் மில்லிகிராம்.”

டப்பாவின் முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம். அதன் கீழே கொட்டை எழுத்தில் 1000 மி.கி. அதற்கும் கீழே ஒமேகா-3 என்று ஒரு வரி. பின்பக்கம் திருப்பினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, எல்லாம் ஆங்கிலம். கண்ணாடி போட்டும் சிரமமாக இருந்தது. திருப்பி வைத்துவிட்டேன்.

இரண்டு டப்பா வாங்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று ஒரத்தநாடு பக்கம் விவசாயம் பார்க்கும் எங்கள் அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு. அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் ராத்திரி போட ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். “ஆயிரம் மில்லிகிராம் ஒமேகா-3 இருக்கு அத்தான், தினம் ஒண்ணு போடுங்க” என்று கொடுத்தேன். சொன்னது நான். குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள், அறிவியல் டீச்சர். நான் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அந்த மாணவன் என் வீட்டிலிருந்து இறங்கிப் போய், “டீச்சரே ரெண்டு டப்பா வாங்கியிருக்காங்க” என்று சொல்லித்தான் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் விற்றிருக்கிறான். மொத்தம் பதினோரு வீடு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். “அது கெமிக்கல், இது மீனு. ரெண்டும் கொழுப்புக்குத்தானே, எதுக்கு ரெண்டு செலவு?” என்று அவர் கணக்கு. ஐந்து மாதம் யாருக்கும் சொல்லவில்லை. குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், வரப்பில் ஏறும்போது நெஞ்சை அழுத்தியிருக்கிறது. தஞ்சாவூருக்குக் கூட்டி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. “நிறுத்தச் சொன்னது யாரு?” என்று மட்டும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று சாயந்தரம் கட்டிலில் சாய்ந்தபடி அத்தான் அந்த டப்பாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஏழாம் வகுப்புவரை படித்த மனிதர் கேட்ட கேள்வி. அறிவியல் டீச்சருக்குத் தோன்றாத கேள்வி.

“ஏம்மா, யூரியா மூட்டை 45 கிலோ. அதுல தழைச்சத்து 46 சதவீதம்னு மூட்டையிலயே போட்டிருக்கான். டிஏபின்னா 18:46. நாங்க கடைக்குப் போனா உரத்துப் பேரைக்கூடச் சொல்ல மாட்டோம், ‘ரெண்டு மூட்டை பதினேழு பதினேழு போடுப்பா’ம்போம். இந்த ஆயிரம்ங்கிறது மூட்டை எடையா, சத்தா?”

மூட்டை எடையா, சத்தா? இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். மீன் எண்ணெய் 1000 மி.கி. அதற்குக் கீழே, அதில் அடங்கியது என்று இரண்டு பெயர்: இபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. அவ்வளவுதான். ஆயிரம் என்பது மூட்டை எடை. சத்து முந்நூறு. நூற்றுக்கு முப்பது.

இபிஏ, டிஹெச்ஏ என்பவை ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலங்கள். முழுப் பெயர் நீளம், நமக்கு அது வேண்டாம். மீன் எண்ணெயை இதயத்தோடு சேர்த்துப் பேசுவதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான். மீதி 700 மி.கி. எந்த எண்ணெயிலும் இருக்கிற மாதிரி சாதாரணக் கொழுப்பு. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நாம் காசு கொடுப்பது அதற்காக இல்லை.

உலகத்தில் மீன் எண்ணெய்க்குப் பெரிய ஊற்று பெரு நாட்டுக் கடல். அங்கே பிடிக்கும் ஒரு வகை நெத்திலியின் எண்ணெயில் இயற்கையாகவே இபிஏ 18 சதவீதம், டிஹெச்ஏ 12 சதவீதம் அளவில் இருக்கும். அதை அப்படியே சுத்தம் செய்து மாத்திரையில் அடைத்தால் 180, 120 வரும். கடையில் எத்தனையோ டப்பாவில் இதே இரண்டு எண் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே அந்த 300 என்பது மோசடி இல்லை. 300 என்பதைப் பின்னால் ஒளித்து 1000 என்பதை முன்னால் நிறுத்துவதைத்தான் நான் குறை சொல்கிறேன். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தேழு, அறுபத்தெட்டு கிலோ அரிசிதான் வரும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெல் மூட்டையைக் காட்டி நூறு கிலோ அரிசி என்று யாராவது விற்றால் விடுவோமா?

இனி பாடம். வீட்டில் டப்பா இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. இபிஏ, டிஹெச்ஏ இரண்டையும் கூட்டுங்கள். முன்பக்கத்து எண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் இந்த இரண்டு பெயருக்கும் தனித்தனி எண் இருக்க வேண்டும். “ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்” என்று மொத்தமாக மட்டும் போட்டிருந்தால், எது எவ்வளவு என்று தெரியாது. எண்ணே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். சத்து எழுதாத உர மூட்டையை வாங்குவீர்களா?

2. அந்த எண் எத்தனை மாத்திரைக்கு என்று பாருங்கள். இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் ஏமாறுவது. சில டப்பாவில் அட்டவணைக்கு மேலே பொடி எழுத்தில் “ஒரு பரிமாறும் அளவு: 2 மாத்திரை” என்று இருக்கும். அப்படியானால் கீழே உள்ள எண்ணெல்லாம் இரண்டு மாத்திரைக்கு. ஒரு மாத்திரைக்கு அதில் பாதி.

3. விலையைச் சத்தால் வகுத்துப் பாருங்கள். என் டப்பா: 60 மாத்திரை, மாத்திரைக்கு 300 மி.கி. மொத்தம் 18,000 மி.கி., அதாவது 18 கிராம். விலை 900 ரூபாய். ஒரு கிராம் சத்து 50 ரூபாய். மருந்துக்கடையில் இன்னொரு டப்பா பார்த்தேன். அதுவும் 60 மாத்திரை, ஆனால் 1500 ரூபாய். யானை விலை என்று வைத்துவிட்டு வந்திருப்பேன். பின்பக்கம் பார்த்தால் ஒரு மாத்திரைக்கு 600 மி.கி. மொத்தம் 36 கிராம். ஒரு கிராம் 42 ரூபாய்கூட இல்லை. 900 ரூபாய் டப்பாதான் உண்மையில் விலை கூடியது. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு இது. முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த நான் போடவில்லை.

4. எந்த வடிவம் என்று பாருங்கள். அந்த 600 மி.கி. எப்படி வந்தது? எண்ணெயை வேதிமுறையில் பிரித்து, வடித்து, இபிஏ, டிஹெச்ஏவை அடர்த்தியாக்குகிறார்கள். அப்படிச் செய்ததில் பெரும்பாலும் “எத்தில் எஸ்டர்” என்று போட்டிருக்கும். மீனில் இருப்பது போன்ற வடிவத்துக்கு “ட்ரைகிளிசரைடு” என்று போடுவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் இதே பெயர் வரும், குழம்ப வேண்டாம். இங்கே அது எண்ணெயின் அமைப்பைக் குறிக்கிற சொல். எத்தில் எஸ்டர் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. எந்த வடிவமானாலும் சாப்பாட்டோடு போடுவதுதான் நல்லது. நான் விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன்!

5. மீன் எண்ணெயா, மீன் ஈரல் எண்ணெயா? என் வயதுக்காரர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். நாம் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியது ஈரல் எண்ணெய். அது வைட்டமின் ஏ, டிக்காக. இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலிருந்து காட் மீன் ஈரல் எண்ணெய் வருவது நின்றபோது, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் அரசாங்கமே சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. மாலைக்கண்ணும் எலும்பு வளைதலும் இருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது இதயத்துக்கு என்று விற்பது மீன் உடலின் எண்ணெய். ஈரல் எண்ணெய் டப்பாவை இதயத்துக்கென்று நினைத்து நாலைந்து மாத்திரையாகப் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும், அது கெடுதல். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

6. தேதியும் வாடையும். மீன் எண்ணெய் காற்றிலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். அதனால்தான் அதில் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். பெராக்சைடு அளவு 5க்குள், மொத்த ஆக்சிஜனேற்ற அளவு 26க்குள் என்று மீன் எண்ணெய்த் தொழில்துறையே தனக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை டப்பாவில் போடுபவர்கள் அபூர்வம். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். தயாரித்த தேதி பார்த்துப் புதிதாக வாங்குவது. ஒரு மாத்திரையைக் குத்தி மோந்து பார்ப்பது. மீன் வாடை லேசாக இருக்கலாம். பழைய முறுக்கு மாதிரி சிக்கு வாடை அடித்தால் குப்பையில் போடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்திருந்தால் மோந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை வீட்டு அலமாரியில் வைக்கிற பொருள் இல்லை இது.

7. குறிகள். பழுப்பு நிற முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு வட்டமாக இருந்ததை முக்கோணமாக மாற்றியிருக்கிறார்கள். எண்ணெய் மட்டுமில்லை, மேல் உறையும் பெரும்பாலும் மாடு, பன்றி அல்லது மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின். சைவக் குடும்பங்களும், சில மாமிசங்களைத் தவிர்க்கும் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் இருந்தால் சட்டப்படி அது உணவுப் பொருள், மருந்து இல்லை.

8. கடைசியாக ஒரு வரி. அதே பொடி எழுத்தில் “நாட் ஃபார் மெடிசினல் யூஸ்” என்று போட்டிருக்கும். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று பொருள். இந்த வகைப் பொருள்களுக்கு 2016ல் வந்த விதிமுறையிலேயே இதைத் தெளிவாகப் போட வேண்டும் என்று இருக்கிறது. நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று லேபிளில் சொல்லவும் கூடாது. எங்கள் டப்பாவிலும் அந்த வரி இருந்தது. இதயப் படம் உள்ளங்கை அளவு, இந்த வரி எறும்பு அளவு. அதை அன்றைக்கே படித்து அத்தானுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் அவர் ராத்திரி மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார்.

சரி டீச்சர், அந்த 300 மி.கி.யாவது இதயத்துக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். நானும் தேடிப் படித்தேன். கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2018ல் அஸெண்ட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. பிரிட்டனில் சர்க்கரை நோய் உள்ள 15,480 பேர். பாதிப் பேருக்குத் தினம் ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் ஆலிவ் எண்ணெய். சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தது ஒமேகா-3 சாப்பிட்டவர்களில் 8.9 சதவீதம், ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களில் 9.2 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. அதே வருடம் அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்விலும் இதயநோய், பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படி குறையவில்லை.

பலன் தெரிந்த ஆய்வும் இருக்கிறது. ரெட்யூஸ்-இட் என்று பெயர். ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்த 8,179 பேர், ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். இதைக் கவனியுங்கள்: அந்த மாத்திரையை நிறுத்தாமல் அதோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கொடுத்தது தினம் 4 கிராம், சுத்தமாக்கிய இபிஏ மருந்து, டாக்டர் சீட்டில். இதய நிகழ்வுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு சற்றுக் கூடியது. இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் கலந்த மருந்தை அதே 4 கிராம் கொடுத்துப் பார்த்த ஸ்ட்ரெங்த் என்ற ஆய்வை, பலன் தெரியவில்லை என்று 2020ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் பெரியவர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் முடியவில்லை.

கணக்குப் போடுவோம். எங்கள் டப்பாவில் மாத்திரைக்கு 180 மி.கி. இபிஏ. அந்த 4 கிராமுக்கு எத்தனை மாத்திரை? 22க்கு மேல். தயவுசெய்து யாரும் 22 மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் ஒன்று போடுவதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது, ஆய்வில் பலன் தந்த பொருள் வேறு, நம் கையில் இருக்கும் டப்பா வேறு. டப்பா மேலே இருக்கும் இதயப் படம் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2,819 மீன் எண்ணெய் டப்பாக்களின் லேபிளை எடுத்துப் பார்த்து 2023ல் ஒரு கட்டுரை வந்தது. நான்கில் மூன்று பங்கு டப்பாவில் உடல்நலம் பற்றி ஏதோ ஒரு வாசகம். அதில் பெரும்பாலானவை “இதய ஆரோக்கியத்துக்குத் துணை” என்ற மாதிரி, பொய் என்று பிடிக்கவும் முடியாத, மெய் என்று நம்பவும் முடியாத வாசகங்கள்.

சரி, ஒமேகா-3 வேண்டாமா? வேண்டும். ஒரு நாளைக்கு இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து குறைந்தது 250 மி.கி. என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு சொல்கிறது. வாரத்தில் இரண்டு முறை மீன் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் அறிவுரை. நமக்குக் கடல் எவ்வளவு தூரம்? தஞ்சாவூர் மாவட்டத்திலேயே மல்லிப்பட்டினம் இருக்கிறது, சேதுபாவாசத்திரம் இருக்கிறது. நாகப்பட்டினம் இரண்டு மணி நேரம். கீழவாசல் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிகூட மத்தியிடம் நிற்பதில்லை. முள் அதிகம், வாடை அடிக்கும் என்று ஒதுக்குகிறோம். நூறு கிராம் மத்தியில் ஏறத்தாழ ஒரு கிராம் ஒமேகா-3 இருக்கும், பருவத்துக்குப் பருவம் கூடக் குறைய இருக்கும். காணாங்கெளுத்தியும் நல்லது. நான் வாங்கும்போது மத்தி கிலோ இருநூறு ரூபாய். தலை, முள் எல்லாம் போக அறுநூறு கிராம் சதை என்று வைத்தால் ஆறு கிராம் சத்து. ஒரு கிராம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு ரூபாய். அதோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இனாம். எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் குறையும், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் கிடைத்ததைச் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது.

சைவர்கள் கேட்கலாம், எங்களுக்கு? ஆளி விதையிலும் ஒமேகா-3 இருக்கிறது. ஆனால் அது வேறு வகை, உடம்பு அதில் கொஞ்சத்தை மட்டுமே இபிஏ, டிஹெச்ஏவாக மாற்றிக்கொள்ளும். ஆளி விதைச் சட்னி நல்ல உணவுதான், மீன் எண்ணெய்க்குச் சமம் என்று சொல்லி விற்றால் மட்டும் நம்பாதீர்கள். மீனுக்கே அந்தச் சத்து கடல்பாசி இனத்து நுண்ணுயிர்களிலிருந்துதான் வருகிறது. அதிலிருந்து நேரடியாக எடுத்த எண்ணெய் மாத்திரையும் இப்போது கிடைக்கிறது. விலை அதிகம். அதையும் மேலே சொன்ன மாதிரி படித்து, வகுத்து, தேவையா என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

இனி என் கருத்து.

இதை நான் ஒரு குடும்பத்துப் பிசகாக மட்டும் பார்க்கவில்லை. லேபிளின் மொழி பற்றிய விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். வேறு மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. கட்டாயமும் இல்லை. அதாவது ஒரத்தநாட்டு விவசாயி தான் விழுங்குகிற பொருளில் “இது மருந்து அல்ல” என்ற எச்சரிக்கையைத் தன் மொழியில் படிக்கும் உரிமை, கம்பெனி மனது வைத்தால் உண்டு. மற்றவருக்கு என்னைப் போல ஒருத்தி படித்துச் சொல்ல வேண்டும். நான் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, உர மூட்டை மாதிரி, மீன் எண்ணெய் டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு மாத்திரைக்கு இபிஏ எவ்வளவு, டிஹெச்ஏ எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். 180:120 என்று. மொத்த எடை பின்னால் போகட்டும். இரண்டு, “மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல” என்ற வரியும், எத்தனை மாத்திரை என்ற வரியும், விற்கிற மாநிலத்தின் மொழியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சின்ன டப்பாவில் இடம் ஏது என்பார்கள். இதயப் படத்துக்கு இடம் இருக்கிறதே. மாநிலத்துக்கு ஒரு லேபிள் அடித்தால் செலவு கூடும் என்பார்கள். மாநிலத்துக்கு ஒரு விளம்பரம் எடுக்கும்போது அந்தச் செலவு தெரிவதில்லை. தமிழில் விற்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் எச்சரிக்கவும் தெரிய வேண்டும். படித்தவர்கள் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாமே என்று என் மகன் சொன்னான். பார்க்கலாம். நான் படித்தவள்தான், பார்க்கவில்லை. முன்பக்கம் சொன்னதை நம்பினேன். முன்பக்கம் அப்படி நம்ப வைப்பதற்காகவே அடிக்கப்பட்டது.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது நம் வாத்தியார்கள்தான். இந்தப் பதிவைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது ஒரு நாள் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு காலி டப்பா கொண்டு வரச் சொல்லுங்கள். மீன் எண்ணெய் இல்லாவிட்டால் ஹார்லிக்ஸோ பிஸ்கட் உறையோ எதுவானாலும் சரி. முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் எழுதி, எத்தனை சதவீதம் என்று போடச் சொல்லுங்கள். நான் என் காலத்தில் வட்டியும் லாப நட்டமும் போட வைத்தேன். இதைப் போட வைக்கவில்லை.

அந்தப் பதினோரு வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன். எல்லோரிடமும் டப்பாவை எடுத்துக் காட்டி விளக்கினேன். வழக்கமான மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு அம்மா மட்டும் பிரஷர் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார். அவரை மறுநாளே டாக்டரிடம் அனுப்பினோம். அத்தான் இப்போது நன்றாக இருக்கிறார். ராத்திரி மாத்திரையை அக்காவே எடுத்துக் கொடுக்கிறாள், அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். என்னோடு பழையபடி பேசுகிறாள். மருந்து விஷயம் மட்டும் இன்னும் என்னிடம் கேட்பதில்லை.

கடைசியாக அந்த மாணவனையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் ஆயிரம் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். கூட்டினான், வகுத்தான், விடை சரியாகவே வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீச்சர், அன்னைக்கே நீங்க இதைத் திருப்பிப் பாத்துச் சொல்லியிருந்தா, நான் அந்தப் பதினோரு வீட்டுக்கும் போயிருக்க மாட்டேனே” என்றான்.

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது டப்பா வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அவர்கள் வேறு எந்த மாத்திரையையாவது நிறுத்தியிருக்கிறார்களா என்று கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் டப்பாவில் இருக்கும் இரண்டு எண்ணையும் கீழே எழுதினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.